பெரியப்பாவின் பற்று நோட்டுகளை எப்படிப் படிப்பது?

திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மளிகைக் கடை நடத்தி, ஊர்ப் பொதுக் காரியம் எதுவானாலும் முதல் ஆளாக நின்று, அண்மையில் காலமான உங்கள் பெரியப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர் விட்டுச் சென்றவை ஒரு தராசு, பரணில் இரண்டு சாக்கு நிறையக் கணக்கு நோட்டுகள், வங்கியில் சொற்பப் பணம், வெளியில் நிற்கும் பாக்கி நான்கு லட்சத்துக்கு மேல் என்கிறீர்கள். முதலாண்டு நினைவுக்கு ஒரு மலர் போட விரும்பும் குடும்பத்தார் கேட்பவை மூன்று: அவருடைய அன்றாட வாழ்க்கை எப்படி இருந்திருக்கும், கடையையும் வைத்துக்கொண்டு இரத்ததானம் முதல் குளம் தூர்வாருவது வரை செய்ய அவருக்கு நேரமும் பணமும் எங்கிருந்து வந்தன, அந்தப் பாக்கியை இனி வசூலிக்க முடியுமா. பெரியம்மா உடன் இருக்கிறார், ஆனால் அதிகம் பேசுவதில்லை, கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

நீடாமங்கலம், மன்னார்குடி வட்டாரத்துக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். பழைய விற்பனை வரிக் காலத்தில் தொடங்கி, 2007 ஜனவரியில் வந்த மதிப்புக் கூட்டு வரியையும் 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டியையும் கடந்து இன்றும் அதையே செய்துவருகிறேன். உங்கள் பெரியப்பாவை நான் அறிந்ததில்லை. ஆனால் அவரைப் போலக் கடை வேறு, ஊர் வேறு என்று பிரித்துப் பார்க்காமல் இருந்த சிலரின் நோட்டுகளை ஆண்டுக்கணக்கில் புரட்டியிருப்பதால், உங்கள் பரணில் இருப்பது என்ன என்று ஓரளவு சொல்ல முடியும். மலருக்காக ஊர்ப் பிரமுகர்களிடம் புகழுரை வாங்கப் போவதற்கு முன் அந்தச் சாக்குகளை அவிழ்த்துவிடுங்கள். அவருடைய வரலாறு ஏற்கெனவே அவர் கையாலேயே எழுதப்பட்டு அங்கே கிடக்கிறது, அடுக்குவதுதான் பாக்கி.

நோட்டுகளில் மூன்று வகை இருக்கும். தடித்த அட்டை போட்ட பேரேடும், அன்றாட வரவு செலவு எழுதிய நாள்வழியும் எங்களைப் போன்றவர்களுக்காகவும் வரி அலுவலகத்துக்காகவும் வைக்கப்பட்டவை. அவற்றைத் தனியே ஒதுக்கிவிடலாம். நீளவாக்கில் மடங்கி, ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துக் கிடப்பதுதான், வாடிக்கையாளர் கடனுக்கு வாங்கியதை எழுதும் பற்று நோட்டு. முதல் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழியும் அதன்கீழ் ‘லாபம்’ என்ற சொல்லும் இருக்கும். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லி, அடுத்ததிலிருந்து ‘இரண்டு’, ‘மூன்று’ என்று எண்ணுவார்கள் அல்லவா, அதே வழக்கம்தான். உள்ளே ஆட்களின் பெயர்களைத் தேடாதீர்கள். ‘மாடி வீடு’, ‘பெரிய டீச்சர்’, ‘போர்செட்’, ‘படித்துறை’, ‘கீ.தெ. (கீழத் தெரு) மருமகள்’ என்றுதான் பக்கங்களின் தலைப்பு இருக்கும். அதன்கீழ் ‘து.ப. கால், ந.எ. 50, ஜீ. அரை, பு. 100’ என்று வரிகள் ஓடும். துவரம் பருப்பு கால் கிலோ, நல்லெண்ணெய் ஐம்பது மில்லி, ஜீனி அரைக் கிலோ, புளி நூறு கிராம் என்று படித்துக்கொள்ள வேண்டும். எண்பதுகளின் நோட்டுகளில் ‘உழக்கு’, ‘அரைப்படி’ என்றும் இருந்தால் வியக்க வேண்டாம். மெட்ரிக் அளவு சட்டமாகி எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும், எண்ணெயையும் பயற்றையும் வாயால் கேட்பவர்கள் பழைய அளவில்தான் கேட்டார்கள்.

இனி அவருடைய நாள். பழைய கடைகளுக்கு ஷட்டர் கிடையாது. ஒன்று முதல் பத்துப் பன்னிரண்டு வரை எண் எழுதிய பலகைகளை வரிசை தவறாமல் எடுத்து வைத்துத்தான் கடையைத் திறக்க வேண்டும். எண் மாறினால் இரவில் பூட்டும்போது கடைசிப் பலகை காடியில் இறங்காது. முதல் பஸ் வரும் நேரத்துக்கு வாசல் தெளித்து, கல்லாவுக்கும் தராசுக்கும் கற்பூரம் காட்டி, முதல் போனிக்குக் காத்திருப்பார். அந்த முதல் ஆள் கடன் கேட்டு வந்தவராக இருந்தால், ஒரு ரூபாயாவது கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மீதியைத்தான் நோட்டில் எழுதுவார். காலை ஏழு மணிக்குள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் வந்துவிட்டுப் போய்விட வேண்டும். பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள், ஒரு சாம்பார்ப் பொடிப் பாக்கெட் என்று அந்த ஒரு மணி நேரத்தில் நாற்பது ஐம்பது பேருக்கு நிறுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தாளைச் சுருட்டி, மேலே விட்டத்தில் தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி அறுப்பதை நீங்கள் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். பாலித்தீன் பை வந்து அந்த வித்தையை மறக்கடித்தது. 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஞெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, கடைப் பையன்களுக்குப் பொட்டலம் மடிக்கத் தெரியவில்லை; அறுபது வயது முதலாளிகள்தாம் கல்லாவை விட்டு இறங்கி வந்து கற்றுக் கொடுத்தார்கள்.

பகலில் வெளியூர்ச் சரக்கு வரும். நம் வட்டாரக் கடைகளுக்குக் கொள்முதல் பெரும்பாலும் கும்பகோணத்திலும் திருச்சி காந்தி மார்க்கெட்டிலும் நடக்கும். மிளகாய் வற்றல், மல்லி, பருப்பு விலைக்கு விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுத்தான் மொத்தக் கடைக்காரரிடம் பேச்சே தொடங்கும். உப்பு மட்டும் வேதாரண்யத்திலிருந்து வரும். கல்லுப்பு மூட்டை இரவிலும் கடைக்கு வெளியேதான் கிடக்கும், அதை யாரும் தொடமாட்டார்கள். விளக்கு வைத்த பிறகு உப்பையும் ஊசியையும் கொடுக்கமாட்டார். ஆனால் இரவு இரண்டு மணிக்குச் சாவு வீட்டிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டினால், சாம்பிராணி, கற்பூரம், ஊதுவத்தி, வாய்க்கரிசிக்குப் பச்சரிசி, நெய் என்று ஒன்றும் கேட்காமலே எடுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, காசைப் பற்றிப் பேசாமல் பலகையைச் சாத்துவார். அது பதினாறாம் நாள் காரியச் சாமான் பட்டியலோடு சேர்ந்து நோட்டில் ஏறும். பிரசவம் ஆன வீட்டுக்கும் அப்படியே. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பெருங்காயம் என்று ஒரே நாளில் ஒரு வீட்டுப் பக்கத்தில் வரிசையாக எழுதியிருந்தால், அந்த வாரம் அங்கே குழந்தை பிறந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பெயரன் பெயர்த்திகளின் பிறந்த தேதியைப் பற்று நோட்டைப் பார்த்து உறுதிசெய்துகொண்ட குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

இப்படிப் பிறப்பும் இறப்பும் கடை வழியாகவே போவதால்தான், ஊர்க்காரர்கள் கடையை வழி சொல்லும் அடையாளமாக ஆக்கிக்கொண்டார்கள். அண்ணாச்சி கடை, செட்டியார் கடை, பாய் கடை என்று சொன்னால் டெல்டாவில் எந்த ஊரிலும் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

நோட்டின் பருமனை ஆண்டுவாரியாக அடுக்கிப் பாருங்கள். அது காவிரித் தண்ணீரின் கணக்காகவும் இருக்கும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும். அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து கடைமடைக்குப் போய்ச் சேர்வதற்குள் வாரங்கள் ஆகிவிடும். அதுவரை நாற்றங்காலுக்கும் உழவுக்கும் காசைப் போட்டவர்கள் வீட்டுச் சாமானுக்குக் கடையைத்தான் நம்புவார்கள். ஆடியிலிருந்து மார்கழி வரை பற்று ஏறிக்கொண்டே போகும். சம்பா அறுத்துத் தை, மாசியில் இறங்கும். இயந்திர அறுவடை வருவதற்கு முன், கூலி நெல்லாக வந்த காலத்தில், களத்துமேட்டிலிருந்து நேரே வந்து மரக்காலால் நெல்லை அளந்து போட்டுவிட்டு உப்பும் புளியும் கருவாடும் வாங்கிப் போவார்கள். அந்தக் காலத்து நோட்டில் வரவுப் பக்கத்தில் ரூபாய்க்குப் பதில் மரக்காலும் கலமும் இருக்கும். பிறகு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், பணம் வங்கிக் கணக்கில் ஏறத் தொடங்கியது. அதன்பின் கடைக்காரருக்குத் தெரியாமலே வாடிக்கையாளர் கையில் காசு வந்து போகத் தொடங்கியது என்பது எங்கள் பக்கக் கடைக்காரர்கள் எல்லாரும் சொல்லும் குறை. குறை நியாயமானதுதான், ஆனால் உழவருக்கு அது நல்லது என்பதையும் சொல்ல வேண்டும்.

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அந்த ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. 2020இல்தான் மறுபடி வாய்த்தது. அந்த எட்டாண்டு நோட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். உங்கள் நான்கு லட்சத்தில் பெரும்பகுதி அங்கேதான் தேங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அதிலும் 2016 கொடியது. மழையும் பொய்த்து, நவம்பர் 8இல் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிப்பும் வந்து, அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்த ஆண்டு அது. செல்லாத நோட்டை வாங்கினால் மாற்ற அலைய வேண்டும்; வாங்காவிட்டால் வாடிக்கையாளர் வீட்டில் அடுப்பு எரியாது. நான் கணக்குப் பார்த்த கடை ஒன்றில் அந்த மாதத்தில் மட்டும் கடன் பக்கங்கள் இரண்டு மடங்காயின. அந்த முதலாளிக்கு முப்பது நாள் தவணையில் சரக்குக் கொடுத்துவந்த மொத்த வியாபாரி ஒருவர், அதே மாதத்தில் தவணையை ஒரு வாரமாகக் குறைத்துவிட்டார். இருபது ஆண்டுப் பழக்கம்! கடைக்காரர் மனைவியின் வளையல்களை அடகு வைத்து அதைக் கட்டினார். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

லாபம் எவ்வளவு என்று குடும்பத்தில் சிலர் சந்தேகத்தோடு பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். கம்பெனிச் சரக்கான சோப்பு, பிஸ்கட், டீத்தூளில் நூற்றுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு ரூபாய் வரை நிற்கும். ஜீனியிலும் எண்ணெயிலும் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் நின்றால் பெரிது. பருப்பிலும் மிளகாயிலும் சற்றுக் கூடுதல் நிற்கும். ஆனால் வண்டு, ஈரம், எலி, சேதாரம், கொசுறு எல்லாம் போக வேண்டும். 2011 ஜூனில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கத் தொடங்கிய பின், ஏழைகள் வாங்கும் மோட்டா அரிசி விற்பனை அநேகமாக நின்றுபோனது. அது ஊருக்கு நன்மை, கடைக்கு நட்டம். ஆக, அவர் எதையும் ஒளித்து வைக்கவில்லை. சேர்ப்பதற்கு அவரிடம் பெரிதாக ஒன்றும் வரவில்லை என்பதே உண்மை.

அப்படியானால் தர்மத்துக்குப் பணம்? பேரேட்டில் ‘மகமை’ அல்லது ‘தர்மம்’ என்று தலைப்பிட்ட ஒரு பக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். விற்கும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் மகமை தமிழ் வணிகர்களிடம் பழைய ஏற்பாடு. விருதுநகரில் 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலை அப்படிச் சேர்ந்த பணத்தில் வளர்ந்ததுதான். சிறுகடைகளில் அது இன்னும் எளிய வடிவத்தில் இருந்தது. காலிச் சாக்கு, காலி எண்ணெய் டின், அட்டைப் பெட்டி விற்ற காசு கல்லாவில் விழாமல் தனி டப்பாவில் விழும். நான் பார்த்த கடைகளில் நீர்மோர்ப் பந்தலும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுப்பதும், திருவிழா அன்னதானத்துக்குப் பருப்பு மூட்டை அனுப்புவதும் அந்த டப்பாவிலிருந்துதான் நடந்தன. கையிலிருந்து பணம் போனது குறைவு. போனவை சரக்கு, வராத பாக்கி, அலைச்சல் ஆகியவைதாம்.

அவர் ஏன் பொதுக் காரியத்துக்குப் போனார் என்று கேட்பதைவிட, அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் எப்படிப் போகாமல் இருந்திருக்க முடியும் என்று கேட்பது பொருத்தம். ஒரே இடத்தில் பதினைந்து மணி நேரம் இருப்பவர். கையில் எப்போதும் சில்லறையும் பேனாவும் தாளும் உண்டு. தொண்ணூறுகள் வரை தெருவுக்கே அவர் கடைத் தொலைபேசிதான் பி.பி. நம்பர். வெளியூரிலிருந்து சாவுச் செய்தியும், வேலை கிடைத்த செய்தியும், ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமும் அவர் காதில்தான் முதலில் விழுந்தன. செய்தியை வாங்கியவர் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னவர் உடன் நிற்க வேண்டும். பல ஊர்களில் பொதுத்தொண்டு இப்படித்தான் தொடங்கியது.

நோட்டுகளின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால், எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதிய இரத்த வகைப் பட்டியல் கிடைக்கலாம். இரத்தம் கொடுக்கப் பதினெட்டு முதல் அறுபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும், 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும்தான் கொடுக்கலாம் என்பது விதி. பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் தேதிகள் இருந்தால், அவை கடைசியாகக் கொடுத்த நாள்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நம் ஊர்ப் பெண்ணுக்குப் பிரசவம், ஓ நெகட்டிவ் வேண்டும் என்று இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் வந்து நின்றால், யாரை எழுப்பலாம், யாரை எழுப்பக் கூடாது என்று ஒரு நிமிடத்தில் சொல்ல அந்தத் தேதிகள் வேண்டும். கடன் பாக்கியை எந்த ஒழுங்கில் எழுதினாரோ அதே ஒழுங்கில் இதையும் எழுதினார். வேறு திறமை ஒன்றும் அதற்குத் தேவைப்படவில்லை.

இதை நான் கண்கூடாகப் பார்த்தது கஜா புயலில். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த புயல், விடிவதற்குள் தென்னையையும் மின்கம்பத்தையும் சாய்த்துவிட்டது. உள்ளூர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரங்கள் செத்துக் கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து அரிசியும் போர்வையும் ஏற்றிக்கொண்டு லாரிகள் வந்தன. நல்ல மனத்தோடுதான் வந்தார்கள். ஆனால் முதன்மைச் சாலையில் கூட்டம் மறித்த இடத்திலேயே எல்லாம் இறங்கிவிட்டது. உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த தெருக்களுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கடையில் நான் அன்று மாட்டிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பற்று நோட்டை விரித்து வைத்து, ஒவ்வொரு தெருவாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்றேன். “மூணு நாளா உப்புக்கும் தீப்பெட்டிக்கும் ஆள் வராத தெரு எதுன்னு பாக்குறேன் தம்பி. வாங்க வராதவனுக்குப் பசியில்லைன்னு அர்த்தம் இல்லை, வழியில்லைன்னு அர்த்தம்” என்றார். இரண்டு தெருக்கள் கிடைத்தன. ஒன்றுக்குப் போகும் பாலத்தின்மேல் மரம் விழுந்து கிடந்தது. மற்றொன்றில் பெரும்பாலும் வயதானவர்கள். மறுநாள் காலை அடுத்து வந்த லாரியைச் சாலையில் நிற்கவிடாமல், தானே முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, கடப்பாரையும் அரிவாளும் எடுத்த இளைஞர்களோடு அங்கே கொண்டுபோனார். தலைக்கட்டுக்கு ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, எண்ணெய், உப்பு, தீப்பெட்டி. முண்டியடிப்பு இல்லை, ஏனென்றால் நோட்டில் எத்தனை தலைக்கட்டோ அத்தனை பொட்டலம்தான் கட்டியிருந்தார். வரிசையில் யாருக்கும் குறையாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

உங்கள் பெரியப்பாவின் 2018 நவம்பர், டிசம்பர் நோட்டைக் கட்டாயம் எடுங்கள். விலை எழுதாத வரிகள் அதில் இருந்தால் அவை மறதியால் விடப்பட்டவை அல்ல. கஜாவுக்கு அடுத்த ஆண்டு பேராவூரணியில் இளைஞர்கள் கூடிப் பொதுமக்கள் பணத்தில் பெரியகுளத்தைத் தூர்வாரியதைக் கேட்டு, எங்கள் பக்கத்திலும் பல ஊர்களில் சிறு குளங்களிலும் வாய்க்கால்களிலும் வேலை நடந்தது. உங்கள் பெரியப்பா தூர்வாரிய குளமும் அந்த வரிசையில் வந்ததாக இருக்கலாம். டீசல், டீ, இயந்திர வாடகை என்று மணிக்கணக்கு எழுதிய துண்டுத் தாள்கள் நோட்டுகளுக்குள் செருகியிருந்தால் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். 2020 ஊரடங்கில் மளிகைக் கடைகள் பகல் ஒரு மணி வரைதான் திறந்திருக்கலாம் என்றிருந்தபோது, பிற்பகலில் வீடுகளுக்கு அனுப்பிய சாமான் சீட்டுகளும் அப்படியே கிடைக்கலாம். எழுத்தே இல்லாத நாள்களையும் கவனியுங்கள். மே 5 வணிகர் தினம்; 2018 ஏப்ரலில் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு நடந்த கடையடைப்பு; மற்றபடி ஆண்டில் விடுமுறை என்று ஒன்று அவருக்கு இருந்திருக்காது.

மலரில் வராது, ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. கடன் கொடுப்பது அதிகாரமும்கூட. தேர்தலிலும் கோயில் கமிட்டியிலும் அதைப் பயன்படுத்திய கடைக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். நல்லவராக இருந்தவர்களும் சாதி பிரித்த தெருக்களுக்கு நடுவே எச்சரிக்கையாக நடக்க வேண்டியிருந்தது. திருவிழாவில் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கத்தார் ஆறு மாதம் கடைப் பக்கம் வரமாட்டார்கள். பொதுக் காரியத்தால் பெயர் வந்தது, பெயரால் மொத்தக் கடையில் கடன் கிடைத்தது என்பதும் உண்மைதான். இதையெல்லாம் சொல்வதால் அவர் பெருமை குறைந்துவிடாது. கல்லாவில் உட்கார்ந்திருந்த மனிதராக அவரைப் பார்க்க முடியும், அவ்வளவே.

பாக்கி விஷயம். 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின்படி, விற்ற சரக்குக்கான பணத்தை மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டுக் கேட்க வேண்டும். அதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலோ, கையெழுத்திட்டு ஒரு பகுதியைக் கட்டியிருந்தாலோதான் கெடு புதிதாகத் தொடங்கும். பற்று நோட்டில் யாரும் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார்கள் என்பதால், உங்கள் நான்கு லட்சத்தில் பெரும்பகுதி சட்டப்படி முடிந்துபோனது. வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. காரியத்தன்று தாமாக வந்து ‘ஐயா கணக்கில் எனக்கு எவ்வளவு’ என்று கேட்டுக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் டெல்டாவில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கும் ஒன்றிரண்டு பேர் வந்திருக்கலாம். வருகிறவரிடம் வாங்கிக்கொண்டு, அவர் கண்முன்னே அந்தப் பக்கத்தில் குறுக்குக்கோடு போட்டுவிடுங்கள். அதைவிட முதலில் பார்க்க வேண்டியது, அவர் மொத்தக் கடைகளுக்குக் கொடுக்க வேண்டியது ஏதாவது நிற்கிறதா என்பது. அவர் சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகளுக்குப் பொறுப்பு என்றாலும், அதை முடித்துவிடுவதையே அவர் விரும்பியிருப்பார். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் வாரிசு என்ற முறையில் ரத்துக்கு விண்ணப்பியுங்கள். கிடப்பில் போட்டால் நோட்டீஸ் வந்துகொண்டே இருக்கும். கடன்பட்டவர்களை அடையாளம் காட்டும் எந்தப் பக்கத்தையும் மலரில் அச்சிடாதீர்கள். அவர் இருந்தவரை ஒருவர் பாக்கியை மற்றவர் காதில் போட்டிருக்கமாட்டார்.

கடைசியாக, நேரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. நோட்டைப் புரட்டும்போது கையெழுத்து மாறும் பக்கங்களை எண்ணுங்கள். சாய்ந்த, வேகமான எழுத்து நின்று, எழுத்துகள் நிமிர்ந்து, எண்கள் பெரிதாகி, ‘து.ப.’ என்ற சுருக்கத்துக்குப் பதில் ‘பருப்பு’ என்று முழுச் சொல்லாக வரும் நாள்கள் இருக்கும். அவை அவர் தஞ்சாவூருக்கு இரத்தம் கொடுக்க ஆள் கூட்டிப்போன நாள்கள், தாலுகா அலுவலகத்தில் மனுவோடு நின்ற நாள்கள், குளக்கரையில் இருந்த நாள்கள். அன்று கல்லாவில் இருந்தவர் உங்கள் பெரியம்மா. மற்ற நாள்களிலும் கடையின் பின்கட்டில் பருப்பை முறத்தில் புடைத்து, கல் பொறுக்கி, மல்லியைக் காயவைத்து, மிளகாயில் காம்பு கிள்ளியவர் அவர்தான். பேரேட்டில் கடைப் பையன் சம்பளம் இருக்கும், சுமை இறக்கிய கூலி இருக்கும். அவர் பெயரில் ஒரு வரியும் இருக்காது. நான் எழுதிய கணக்குகளிலும் அப்படி ஒரு வரி இருந்ததில்லை.

‘படித்துறை’ யார், ‘போர்செட்’ எந்த வீடு என்று சொல்லக் கூடியவர் இப்போது அவர் ஒருவர்தான். புரைக்கு அறுவை செய்து கண் தெளிந்ததும் நோட்டுகளை அவர்முன் வையுங்கள். கேள்வி கேட்டால் பேசமாட்டார். ஒரு பக்கத்தை விரித்துக் கொடுத்தால் பேசுவார். 2018 நவம்பர் நோட்டிலிருந்து தொடங்கினால் நல்லது. பெரியப்பா அந்த மாதம் முழுவதும் வெளியே அலைந்திருந்தால், அதன் பெரும்பாலான பக்கங்கள் பெரியம்மாவின் கையெழுத்தாகவே இருக்கும்.